எந்த அம்மா?

வியாழக்கிழமை சாயங்காலம் தங்கச்சி போன் செய்தாள். அவள் போன் என்றால் காலையில் என்ன சாப்பிட்டாள், எத்தனை தடவை வாந்தி எடுத்தாள், மாமியார் ஊரிலிருந்து போனில் என்ன முணுமுணுத்தாள் என்று ஊரைச் சுற்றிவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவாள். நான் லேபில் அன்றைய கடைசி ரத்தக் குழாய்களுக்கு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டே "ம்" கொட்டத் தயாராக இருந்தேன். அன்று அவள் சுற்றவில்லை.

"அக்கா, எதிர் வூட்ல வேப்பல கட்டிகீறாங்க."

"எப்பலேர்ந்து?"

"நேத்து காத்தாலருந்து. கொயந்தைக்கு அம்மா போட்டுகீதாம்."

"எந்தக் கொயந்தைக்கு?"

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அதாங்க்கா, ஞாயித்துக்கெயம நான் மடில வச்சினு சோறு ஊட்டுனேனே, அந்தக் கொயந்தைக்கு. அன்னிக்கே ஒடம்பு கொதிச்சுது. சொம்மா சளிக் காய்ச்சல்னு நெனச்சேன்."

என் கையிலிருந்த ஸ்டிக்கர் தப்பான குழாயில் ஒட்டிக்கொண்டது. பதினொரு வருஷ வேலையில் எனக்கு அப்படி ஆனதில்லை. அதை உரித்து எடுத்து, சரியான குழாயில் ஒட்டி, இரண்டு தடவை சரிபார்த்த பிறகுதான் அவளோடு மறுபடி பேசினேன். பயப்படாதே, காலையில் வருகிறேன் என்றேன். பயப்படாதே என்று சொன்னவளுக்குத்தான் பயம்.

தங்கச்சி அப்போது ஐந்து மாதம். முதல் கர்ப்பம் மூன்றாம் மாதமே கலைந்துபோய், ஒன்றரை வருஷம் அழுது, ஏறாத கோயிலெல்லாம் ஏறி, திரும்பத் தங்கியது இது. திருவொற்றியூரில் அவள் வீடு. வீட்டுக்காரர் மணலியில் ஒப்பந்தக் கூலி, ஷிப்ட் முடிந்து வந்தால் தூங்குவார், எழுந்தால் ஷிப்டுக்குப் போவார். அதனால் அவளைப் பார்த்துக்கொள்ள எங்கள் அம்மா போய் உட்கார்ந்திருந்தாள். நான் ராயபுரத்தில் தனியாக, நான் உண்டு என் ரத்தம் உண்டு என்று இருந்தேன். என் ரத்தம் என்றால் ஊரார் ரத்தம். டாக்டர்கள் எழுதித் தரும் பரிசோதனைகளைச் செய்யும் சின்ன லேப் எங்களுடையது.

அம்மை என்று நாம் பொதுவாகச் சொல்வதில் முக்கியமாக இரண்டு உண்டு. ஒன்று சின்னம்மை, உடம்பெல்லாம் நீர்க் கொப்புளமாக வரும். இன்னொன்று தட்டம்மை. மணலை வாரி இறைத்த மாதிரி சிவப்பாகப் படரும், அதனால் மணல்வாரி என்றும் சொல்வார்கள். எதிர் வீட்டில் வந்திருப்பது தட்டம்மையாக இருந்து, தங்கச்சி உடம்பில் அதற்கு எதிர்ப்பு இல்லாமல் இருந்தால், பிரச்சினை பெரிது. கர்ப்பிணிக்கு அது நுரையீரலைப் பிடிக்கும். குழந்தை தங்காமல் போகலாம். கர்ப்பமாக இருக்கும்போது தடுப்பூசியும் போட முடியாது. செய்யக்கூடியது ஒன்றுதான். மற்றவர்கள் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புப் புரதத்தை டிரிப்ஸ் மாதிரி ஏற்றுவது. அதையும் நோய் வந்தவரோடு இருந்த நாளிலிருந்து ஆறு நாளைக்குள் ஏற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து விரல் விட்டு எண்ணினேன். சனிக்கிழமையோடு விரல் தீர்ந்தது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் முதல் ரயிலில் போய் இறங்கினேன். தங்கச்சி வீட்டுக்குள் நுழையாமல் நேராக எதிர் வீட்டு வாசலில் போய் நின்றேன். நிலைப்படியில் வேப்பிலைக் கொத்து இன்னும் வாடவில்லை. அந்த வீட்டுக்கார அம்மாள் ஈரப் புடவையும் மஞ்சள் முகமுமாக வந்து குறுக்கே நின்றாள்.

"உள்ள வராதம்மா. வெளிய தெருவ போய்ட்டு வந்த காலு."

"வர்லக்கா. கொயந்தைக்கு எப்டி கீது? நீர் கோத்துனு கொப்புளமா கீதா, சொம்மா செவப்பா பரவிகீதா?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அம்மாவப் போய் அப்டிலாம் வெலாவரியா கேக்கக் கூடாதும்மா. அம்மா வெளாட வந்துகீறா. வெளாடிட்டுப் போயிடுவா. ஒன் தங்கச்சிய மட்டும் இந்தப் பக்கம் அனுப்பாத, மாசமா கீற பொண்ணு."

எனக்கு வந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவள் நல்லவள்தான். கர்ப்பிணி வரக் கூடாது என்று ஊருக்கே தெரியத்தான் வேப்பிலை கட்டியிருக்கிறாள். ஆனால் இந்த நோய் உடம்பில் தெரிவதற்கு நாலு நாள் முன்பே மற்றவர்களுக்குத் தொற்ற ஆரம்பித்துவிடும். வேப்பிலை எப்போதும் நாலு நாள் தாமதமாகத்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை அந்த வாசலில் ஒன்றுமே இல்லை. அவளுக்கும் தெரியாது, தங்கச்சிக்கும் தெரியாது.

அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். பாயில் வேப்பிலை மேல் குழந்தை படுத்திருந்தது. கண் இரண்டும் சிவந்து, மூக்கு ஒழுகிக்கொண்டு, விடாமல் இருமியது. நெற்றியிலிருந்து கழுத்து வரை சிவப்பு ஒன்றோடொன்று கலந்து கிடந்தது. கொப்புளம் ஒன்றுகூட இல்லை. எனக்கு அதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லை. மூச்சு இரைத்தால் ஒரு நிமிஷம் வீட்டில் வைத்திருக்காதே, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடு என்று மட்டும் சொன்னேன். "அம்மா பாத்துப்பா" என்றாள்.

தங்கச்சி வீட்டில் அம்மா இட்லி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"வா பெரியவளே. இன்னா, அவ ஒன்னிய போன் போட்டு மெரட்டிட்டாளா? அவளுக்கு ஒண்ணியும் ஆவாது. அம்மா ஒரு தபா வந்தா மறு தபா வர மாட்டா. ஒங்க ரெண்டு பேருக்குந்தான் சின்னதுலயே வந்துட்டுப் போயிட்டாளே."

"இவளுக்கும் வந்துச்சா? நல்லா யோசிச்சு சொல்லு."

"இன்னாத்த யோசிக்கிறது? ஒனக்கு ஆறு வயசு, இவ கைக்கொயந்த. ரெண்டு பேருக்கும் ஒண்ணாத்தான் தலைக்குத் தண்ணி ஊத்துனேன்."

"எந்த அம்மா?"

அம்மா கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள். "எந்த அம்மான்னா? அம்மாவுல இன்னாடி எந்த அம்மா? நான்தான் ஒங்க அம்மா, அவதான் ஒலகத்துக்கு அம்மா. படிச்சிட்டா இன்னா வேணா பேசிடுவியா?"

இதுதான் எங்கள் பக்கத்துத் தொல்லை. சின்னம்மை வந்தாலும் அம்மா, தட்டம்மை வந்தாலும் அம்மா, வெயில் கட்டி இரண்டு சேர்ந்து வந்தாலும் அம்மா. பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வாள் என்று பெயரையே விட்டுவிட்டார்கள். ஒரு நோயாளியிடம் "அம்மை வந்திருக்கிறதா" என்று கேட்டு "ஆமாம்" என்று எழுதிக்கொள்வதில் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று லேபில் நானே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். இப்போது என் வீட்டிலேயே வந்து நிற்கிறது.

என் முகத்தைப் பார்த்துவிட்டு அம்மா உள்ளே போய், தகரப் பெட்டியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து வந்தாள். தங்கச்சியின் தடுப்பூசி அட்டை. மடித்த இடமெல்லாம் கிழிந்து, பழுப்பேறி இருந்தது. ஒன்பதாம் மாதத்துத் தட்டம்மை ஊசிக்கான கட்டத்தில் நீல மையில் ஒரு டிக், பக்கத்தில் தேதி, நர்சம்மாவின் சின்னக் கையெழுத்து.

"இந்தா. அம்மாவும் வந்துட்டா, ஊசியும் போட்டாச்சு. இப்ப இன்னா சொல்ற?"

தங்கச்சிக்கு முகம் தெளிந்தது. அவளுடைய பிரசவ டாக்டருக்குப் போன் போட்டேன். நோயும் வந்திருக்கிறது, ஊசியும் போட்டிருக்கிறது என்றால் பயப்பட ஒன்றுமில்லை என்றார். நான் விடவில்லை. ரத்தம் பார்க்கிறேன், எதிர்ப்பு இல்லை என்று வந்தால் ஏற்றுவீர்களா என்று கேட்டேன். "நாளைக்கு மத்தியானத்துக்குள்ள ரிப்போர்ட் கையில வேணும். பேப்பர் இல்லாம அதை ஏத்த மாட்டேன்" என்றார். நியாயம்தான். நானும் பேப்பரை நம்பிப் பிழைக்கிறவள்தான்.

பையிலிருந்து ஊசியையும் குழாயையும் எடுத்ததும் அம்மா பதறிவிட்டாள்.

"ஏய், இங்க வாணாம்டி! எதிர் வூட்ல அம்மா ஒக்காந்துகினு கீறா. அவ இருக்கறச்ச ஊசி குத்தினா அவளையே குத்துன மாறி. லேபுக்கு இட்டும்போய் எடு."

"புள்ளத்தாச்சிய ரயில்ல இட்னு போவ சொல்றியா? நீ சும்மா இரு."

அம்மா என்னோடு சண்டை போடவில்லை. போய் வாசல் கதவைச் சாத்தினாள். எதிர் வீட்டைப் பார்த்த ஜன்னலையும் சாத்தி, அதன்மேல் ஒரு துண்டைத் தொங்கவிட்டாள். எதிர் வீட்டில் உட்கார்ந்திருக்கிற அம்மாவின் கண்ணில் படாமல் இருக்கத்தான். அந்த இருட்டில், டியூப் லைட் வெளிச்சத்தில், தங்கச்சி கையில் நரம்பைத் தேடி எடுத்தேன். ஆயிரக்கணக்கான கைகளில் எடுத்திருக்கிறேன். அவள் கையில் மட்டும் இரண்டு தடவை தடவிப் பார்த்துக்கொண்டுதான் குத்தினேன்.

ரத்தத்தை எடுத்துக்கொண்டு போவதும் ஒரு வேலைதான். ரொம்பக் குலுங்கினால் சிவப்பணுக்கள் உடைந்து, மாதிரி வீணாகிவிடும். எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஷேர் ஆட்டோவில் போனால் பள்ளத்துக்குப் பள்ளம் குதித்துக்கொண்டு போக வேண்டும். அதனால் சென்னை பீச் போகும் மின்சார ரயிலைப் பிடித்தேன். ஐஸ் பை வைத்த டிபன் டப்பாவை மடியில் வைத்து, கைக்குழந்தையைப் போல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். வண்டி தண்டையார்பேட்டை தாண்டி சிக்னலில் நின்றது. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். பக்கத்துத் தண்டவாளத்தில் துறைமுகத்துக்குப் போகும் சரக்கு வண்டி முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. எதிரில் மீன் கூடையோடு இருந்த அம்மாள், "இன்னா டிபன்மா, இப்டி கட்டிகினு கீற? பிரியாணியா?" என்றாள். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

எங்கள் லேபின் தலைவி ஒரு பெண் டாக்டர். மேடம் என்றால் மேடம்தான், சிரித்தால் அபராதம் விழும் என்பதுபோல் இருப்பார். விஷயத்தைச் சொன்னேன்.

"தட்டம்மை சாம்பிள் எல்லாம் சேர்த்துப் போடற ரன் திங்கட்கிழமைதானே? அதுல சேர்த்துக்கலாம்."

"திங்கட்கிழமை எட்டாவது நாள் மேடம். நாளைக்கு ஆறாவது நாள்."

அவர் மேஜைக் காலண்டரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"வீட்டு ஆளுங்க ரத்தத்தை நாமளே பார்க்கக் கூடாதுன்னு இந்த லேப்ல யார் எல்லாருக்கும் சொல்லிக் கொடுக்கறது?"

"நான்தான் மேடம்."

"அந்தப் பையனும் இன்னிக்கு லீவு." இன்னொரு டெக்னீஷியனைத்தான் சொன்னார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கிட்டை வெளியே எடுத்து வை. அவ சாம்பிளை நான் போடறேன். நீ மத்ததைப் பாரு. அதுல உன் கை படக் கூடாது."

சொட்டு அளந்து விடும் பிபெட்டை மேடம் கையில் எடுத்து நான் பார்த்ததே இல்லை. அன்று கையுறை மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அந்தக் கிட்டில் ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்கும். அதில் குட்டிக் குட்டிக் குழிகள், பணியாரச் சட்டி மாதிரி. எட்டு எட்டாக உடைத்து எடுத்துக்கொள்ளலாம். குழியின் அடியில் தட்டம்மைக் கிருமியின் துணுக்கு ஒட்டியிருக்கும். ரத்தத்தில் எதிர்ப்பு இருந்தால் அது வந்து அதைப் பிடித்துக்கொள்ளும். கழுவினாலும் போகாது. கடைசியில் ஊற்றும் தண்ணீர் நீலமாக மாறும். எதிர்ப்பு இல்லாவிட்டால் தண்ணீர் தண்ணீராகவே இருக்கும். நீலம் வந்தால் தங்கச்சி பிழைத்தாள். அவ்வளவுதான் கணக்கு.

எட்டுக் குழியில் ஒன்று வெறுமை, ஒன்று எதிர்ப்பே இல்லை என்று தெரிந்த ரத்தம், இரண்டு எல்லைக்கோடு, ஒன்று நன்றாக எதிர்ப்பு உள்ள ரத்தம். ஐந்தாயிற்று. ஆறிலும் ஏழிலும் தங்கச்சியை மேடம் போட்டார். எட்டாவது குழி காலியாக இருந்தது.

"உங்க அம்மா ரெண்டு பேருக்கும் ஒண்ணா வந்துச்சுன்னுதானே சொன்னாங்க?" என்றார் மேடம். "கையை நீட்டு. உன்னதையும் போடுவோம். ரெண்டும் ஒரே மாதிரி வரணும்."

அவரே எனக்கு ரத்தம் எடுத்தார். வலித்தது. அவருக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

முதல் அரை மணி நேரம் தட்டு உடம்புச் சூட்டில் வைக்கும் அடைகாப்பு இயந்திரத்துக்குள் இருந்தது. எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. பையில் போட்டுக் கொண்டுவந்திருந்த அந்தத் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தேதியைப் பார்த்தேன். ஆடி மாதம். எனக்கு அம்மை வந்ததும் ஆடி மாதம்தான். தெருவில் ஒலிபெருக்கி அலற, கூழ் ஊற்றுகிற நாளில் நான் மட்டும் உள்ளே பாயில் கிடந்து அழுதது இன்றைக்கும் நினைவிருக்கிறது. மேலெல்லாம் வேப்பிலை குத்தியதும், கண் கூசியதும், இருமி இருமி விலா வலித்ததும் நினைவிருக்கிறது.

அதோடு இன்னொன்றும் வந்தது. ஒலிபெருக்கி ஓய்ந்த நேரமெல்லாம் வீடு அமைதியாக இருந்தது. சுவரில் பல்லி சொல்வது கேட்டது. எங்கள் வீடு ஒரே அறை. ஒன்பது மாதக் குழந்தை இருக்கிற ஒரே அறையில் அமைதி எங்கிருந்து வரும்? தங்கச்சி அழுத சத்தம் எனக்கு ஞாபகமே இல்லை. அவள் அங்கே இல்லை.

அட்டையை மறுபடி பார்த்தேன். அந்த ஆடியில்தான் அவளுக்கு ஊசி போட்டதாக டிக் இருக்கிறது. எனக்கு அம்மை வந்து, வாசலில் வேப்பிலை தொங்கிய ஆடியில். எதிர் வீட்டில் அம்மை இருக்கும்போதே ஜன்னலுக்குத் துண்டு போடுகிற என் அம்மா, தன் வீட்டுக்குள்ளேயே அம்மை படுத்திருந்தபோது ஒரு நர்சை ஊசியோடு விட்டிருப்பாளா?

மேடத்திடம் ஒன்றும் சொல்லவில்லை. அவரே தட்டை எடுத்துக் கழுவினார், அடுத்த மருந்தை ஊற்றினார், மறுபடி அரை மணி. மறுபடி கழுவினார். கடைசி மருந்தை ஊற்றி இருட்டில் மூடி வைத்தார். அதற்குக் கால் மணி நேரம். வெளிச்சம் படக் கூடாது, மூடியைத் திறந்து பார்க்கக் கூடாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். நாலு தடவை திறந்து பார்த்தேன். நாலாவது தடவை மேடம் என் கையில் ஒன்று போட்டார்.

நேரம் முடிந்ததும் வெளிச்சத்தில் வைத்தோம்.

ஐந்தாவது குழி நீலம், இருக்க வேண்டியபடி. எட்டாவது குழி, என்னுடையது, அதைவிடக் கருநீலம். நடுவில் ஆறும் ஏழும் இரண்டு சொட்டுத் தண்ணீர். அடியில் இருந்த பிளாஸ்டிக் தெரிந்தது.

"நிறத்தை அளக்கற இயந்திரத்துல வை" என்றார் மேடம். வைத்தேன். கண்ணுக்குத் தெரிந்ததைத்தான் அதுவும் எண்ணாகச் சொன்னது. எல்லைக்கோட்டுக்கு வெகு கீழே. எதிர்ப்பு இல்லை.

நான் மாடிப்படிக்குப் போய் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அம்மா, நான் திட்டறதுக்குப் போன் பண்ணல. எனக்கு அம்மா போட்டப்ப தங்கச்சி எங்க இருந்தா?"

குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது, பிறகு நின்றது.

"எண்ணூர்ல. ஒங்க அத்த வூட்ல வுட்டேன். கைக்கொயந்தைக்கும் வந்துட்டா நான் ஒருத்தி இன்னா பண்ணுவேன்? ஒங்க நைனா கடலுக்குப் போயிட்டாரு."

"அப்ப ஊசி?"

"நர்சம்மா வந்தா நோட்டு எடுத்துகினு. வூட்ல அம்மா கீறா, ஊசிய எடுத்துகினு உள்ள வராதன்னா கத்துவா. அதான் டபாய்ச்சிட்டேன். எண்ணூர்லயே போட்டாச்சு, டிக் அடிச்சிக்கோன்னேன். அடிச்சிட்டா." அம்மாவின் குரல் இறங்கியது. "அப்பால போடலாம்னுதான்டி நெனச்சேன். அவ திரும்பி வந்தப்ப கயுத்துல செவப்பா தடிச்சிகினு இருந்துச்சு. அம்மா லேசா பாத்துட்டுப் போயிட்டான்னு எல்லாரும் சொன்னாங்க. வந்துட்டுப் போனவளுக்கு எதுக்கு ஊசின்னு வுட்டுட்டேன்."

"அது வேர்க்குரும்மா. ஆடி வெயிலு."

எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. முப்பது வருஷத்துக்கு முன்னால் நடந்ததற்கு, இரண்டு குழந்தைகளோடு தனியாக ஒரே அறையில் கிடந்த ஒரு பெண்ணைப் பார்த்து என்ன கத்துவது? எனக்கு வந்த அம்மையால்தான் தங்கச்சிக்கு ஊசி போகவில்லை. அவளுக்குச் சேர வேண்டிய நீலத்தையும் சேர்த்து நானே எடுத்துக்கொண்ட மாதிரி, எட்டாவது குழி அப்படிக் கறுத்திருந்தது. எனக்கு என் மேலேயே வெறுப்பாக வந்தது. அதில் அறிவு இல்லை என்று தெரிந்தும் வந்தது.

"அவளுக்கு எதாச்சும் ஆயிடுமா?" என்றாள் அம்மா.

"நாளைக்கு ஏத்திட்டா பெரும்பாலும் ஆவாது. காலையில ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு வந்துடு."

ரிப்போர்ட்டில் மேடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கொடுக்கும்போது, "உன் ரிசல்ட்டைக் கிழிச்சுப் போடாதே, வச்சுக்கோ. உனக்கும் இப்பத்தான் எந்த அம்மான்னு தெரிஞ்சுது" என்றார். அவர் சொன்ன ஒரே வேடிக்கை அதுதான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சனிக்கிழமை காலை பத்தரைக்கு டாக்டர் அந்தப் பேப்பரைப் படித்தார். மருந்து வேறொரு இடத்திலிருந்து வர வேண்டியிருந்தது. பன்னிரண்டு, ஒன்று, ஒன்றரை. ஒவ்வொரு ஆட்டோ சத்தத்துக்கும் எழுந்து வாசலுக்குப் போனேன். இரண்டு மணிக்கு வந்தது. தங்கச்சியின் கையில் ஊசி இறங்கும்போது அம்மா முகத்தைத் திருப்பவில்லை. பாட்டிலில் இருந்து சொட்டுச் சொட்டாக இறங்குவதைச் சாயங்காலம் வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இது இன்னாத்துல செஞ்ச மருந்து?" என்று கேட்டாள்.

"மனுசங்க ரத்தத்துலேர்ந்து எடுத்தது. அம்மை வந்து போனவங்க, ஊசி போட்டவங்க, எல்லாரோடதும் கலந்து."

"ஒன்னுது மாறி ஆளுங்க ரத்தமா?"

"ஆமா."

அம்மா என் கையை எடுத்து, மேடம் குத்தி நீலம் பாரித்திருந்த இடத்தைத் தடவிக் கொடுத்தாள். மன்னிப்பு என்ற வார்த்தை எங்கள் வீட்டில் புழக்கத்தில் இல்லை.

அதை ஏற்றினாலும் இருபத்தெட்டு நாள் கவனமாக இருக்க வேண்டும் என்றார் டாக்டர். தினமும் காலையில் தங்கச்சி காதுக்குப் பின்னால் டார்ச் அடித்து அம்மா பார்த்தாள். எனக்குப் போன் செய்து "ஒண்ணியும் இல்ல" என்பாள். பதினோராம் நாள் "லேசா செவப்பா கீது" என்றாள். லேபை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். கொசுக்கடி. எதிர் வீட்டுக் குழந்தை அதற்குள் எழுந்து தெருவில் ஓடிக்கொண்டிருந்தது. இருபத்தெட்டாம் நாள் முடிந்ததும், வராத அம்மைக்கு அம்மா தங்கச்சி தலையில் வேப்பிலைத் தண்ணீர் ஊற்றினாள். நான் தடுக்கவில்லை.

பெண் குழந்தை பிறந்தது. அதற்கு ஒன்பது மாதம் முடிந்தது மறுபடி ஓர் ஆடியில். தெருவெல்லாம் வேப்பிலைத் தோரணம், மூலைக்கு மூலை கூழ்ப் பானை. இந்த மாதம் வேண்டாம், போகட்டும் என்று அம்மா சொல்வாள் என்று எதிர்பார்த்து, சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். அவள் குழந்தைக்குச் சட்டை மாட்டி, புது அட்டையை இடுப்பில் செருகிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள். தோரணத்துக்கு அடியில் குனிந்து கன்னத்தில் போட்டுக்கொண்டாள், நிற்கவில்லை. சுகாதார நிலையத்தில் வரிசையில் முதல் ஆள் அவள்தான்.

நர்சம்மா இளம் பெண். அட்டையை வாங்கி, அந்தக் கட்டத்தைத் தேடி, எழுதுவதற்குப் பேனாவைத் திறந்தாள். அம்மா சட்டென்று அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"மொதல்ல போடு தாயி. அப்பால எயுது."

"ஏம்மா, எழுதிட்டுப் போடாம நான் எங்கேயாவது ஓடிடுவேனா?"

"நீ ஓட மாட்டம்மா" என்றாள் அம்மா. "நான்தான் ஒரு தபா ஓடிட்டேன்."

நர்சம்மாவுக்குப் புரியவில்லை. ஆனாலும் பேனாவை மூடி வைத்துவிட்டு ஊசியை எடுத்தாள்.